மேஃபிளவர்ல வந்தது 102 பேர், பாதி பேர் முதல் குளிர்லயே காலி, அப்புறம் எப்படி மொத்த இடத்தையும் புடிச்சாங்க?

நைட்ஷிஃப்ட்_மாமா:
வணக்கம் மக்களே. நவம்பர் நாலாவது வியாழன் வந்தா எங்க அமெரிக்கா டீம் மொத்தமா தேங்க்ஸ்கிவிங்னு லீவுல போயிடும், நாங்க இங்க சிறுசேரில ஈ ஓட்டிக்கிட்டு உக்காந்திருப்போம். இந்த தடவை சும்மாதானே இருக்கோம்னு அந்த பண்டிகை கதையை கொஞ்சம் தோண்டினேன், தோண்ட தோண்ட குழப்பம்தான் ஜாஸ்தியாச்சு.

எல்லாரும் சொல்ற கதை இதுதான். 1620ல மேஃபிளவர் கப்பல்ல 102 பேர் இங்கிலாந்துல இருந்து வந்து, இப்போ மாசசூசெட்ஸ்னு சொல்ற இடத்துல பிளிமத்னு ஒரு ஊரை போடுறாங்க, முதல் குளிருக்கே பாதி பேர் செத்துடறாங்க, அங்க இருந்த வாம்பனோக் மக்கள் மக்காச்சோளம் போட கத்துக்குடுத்து காப்பாத்துறாங்க, 1621 அறுவடைக்கு ரெண்டு கூட்டமும் சேர்ந்து விருந்து சாப்பிடுறாங்க. சரி நல்ல கதை. ஆனா 55 வருஷம் கழிச்சு அதே பிளிமத்ல, அந்த விருந்துக்கு வந்த தலைவரோட மகன் தலையை வெட்டி கம்பத்துல சொருகி வச்சிருக்காங்க!! நடுவுல என்னய்யா நடந்துச்சு?

ரெண்டு டவுட். நோய் வந்துதான் அவங்க அழிஞ்சாங்க, வெள்ளைக்காரன் வேணும்னு பண்ணலைன்னு நிறைய பேர் சொல்றாங்க, அது எவ்ளோ தூரம் சரி? அப்புறம் நிலத்தையெல்லாம் பத்திரம் எழுதி விலைக்குத்தான் வாங்கினாங்களாமே, அப்போ சண்டை எதுக்கு? லிங்க் போடாதீங்க ப்ளீஸ், தெரிஞ்சவங்க கதையா சொல்லுங்க.

பழையபேப்பர்:
நோய்ல இருந்தே ஆரம்பிப்போம், ஏன்னா கப்பல் வர்றதுக்கு முன்னாடியே அது வந்துடுச்சு. 1616ல இருந்து 1619 வரைக்கும் அந்த கடற்கரை முழுக்க ஒரு கொள்ளைநோய் அடிச்சுது. என்ன நோய்னு ஆராய்ச்சிக்காரங்க இன்னும் அடிச்சுக்கிறாங்க, ஆனா மீன் புடிக்கவும் தோல் வாங்கவும் வந்துபோன ஐரோப்பிய கப்பல்கள்ல இருந்து வந்ததுங்கறதுல பெருசா சந்தேகம் இல்ல. சில ஊர்ல பத்துக்கு ஒன்பது பேர் போயிட்டாங்கன்னு கணக்கு சொல்றாங்க. புதைக்க ஆள் இல்லாம எலும்பு வெளியிலயே கிடந்ததை பின்னாடி வந்த இங்கிலீஷ்காரங்களே பார்த்து எழுதி வச்சிருக்காங்க.

பிளிமத்னு பேர் வச்சாங்களே, அது காட்டை வெட்டி உண்டாக்கின இடம் இல்ல. அது பட்டுக்செட்னு ஒரு வாம்பனோக் ஊர். நோய்ல மொத்த ஊரும் காலி, ஆனா காடு வெட்டி திருத்தின வயக்காடு அப்படியே இருந்துச்சு, நல்ல தண்ணி ஓடை இருந்துச்சு, அதை பார்த்துதான் இங்கயே இருந்துக்கலாம்னு முடிவு பண்ணாங்க. அதுக்கு முன்னாடி பக்கத்துல கேப் காட்ங்கற கடலோர முனைல இறங்கினப்போ செஞ்ச முதல் வேலையே, மண்ணுக்குள்ள பூர்வகுடிகள் பதுக்கி வச்சிருந்த விதைச்சோளத்தை தோண்டி எடுத்ததுதான், போற வழியில ரெண்டு மூணு சமாதியையும் கிளறி பார்த்திருக்காங்க.

சோளம் போட கத்துக்குடுத்த ஆள் பேரு டிஸ்குவாண்டம், ஸ்கூல் புத்தகத்துல ஸ்குவாண்டோன்னு வரும். அவருக்கு இங்கிலீஷ் எப்படி தெரியும்னு யாரும் கேக்கறதில்ல பாருங்க. 1614ல தாமஸ் ஹண்ட்னு ஒரு கப்பல்காரன் வியாபாரம் பேசறேன்னு கூப்பிட்டு பட்டுக்செட்ல இருபது பேர் கிட்ட, பக்கத்து ஊர்ல ஏழு பேர்னு புடிச்சு கப்பல்ல அடைச்சு ஸ்பெயின்ல மலாகா துறைமுகத்துல விக்க கொண்டு போனான். அதுல ஒருத்தர்தான் இவர். எப்படியோ அங்கிருந்து லண்டன் போய், அங்கிருந்து நியூஃபவுண்ட்லேண்ட் போய், 1619ல ஊர் திரும்பினா ஊரே இல்ல. அவரோட சொந்தக்காரங்க செத்த வயல்லதான் 1621ல இவங்களுக்கு மீனை எருவா போட்டு சோளம் நட சொல்லிக்குடுத்தார். அடுத்த வருஷமே அவரும் காய்ச்சல்ல போயிட்டார்.

அப்புறம் அந்த தலைவர், மாசசோயிட்னு சொல்வாங்க, சொந்த பேரு ஊசாமெக்வின், அவர் இரக்கப்பட்டு உதவினார்னு கதை ஓடும். மனுஷன் அரசியல்வாதி சார். மேற்கு பக்கத்துல நாராகன்செட்னு இன்னொரு கூட்டம், அவங்களை அந்த நோய் தொடல, ஆள்பலம் அப்படியே இருக்கு, இவர்கிட்ட கப்பம் கேக்கறாங்க. இவர் பக்கம் பாதி ஊர் சுடுகாடு. துப்பாக்கி வச்சிருக்கிற அம்பது பேரை பக்கத்துல குடி வச்சுக்கிட்டா நமக்கு பாதுகாப்புன்னு கணக்கு போட்டுத்தான் 1621 மார்ச்ல ஒப்பந்தம் போட்டார். அன்னிக்கு நிலைமைக்கு அது தப்பான கணக்கும் இல்ல, பின்னாடி இன்னும் எத்தனை கப்பல் வரும்னு அவருக்கு யார் சொன்னாங்க?

சும்மா_சொல்றேன்:
அப்போ நோய்தானே பாஸ் காரணம்? கிருமிக்கு கலர் தெரியுமா? அந்த காலத்துல எவனுக்கும் கிருமின்னா என்னன்னே தெரியாது, அதுக்கு போய் அவங்களை குத்தம் சொல்றது டூ மச். யார் வந்திருந்தாலும் இதுதான் நடந்திருக்கும்.

பழையபேப்பர்:
@சும்மா_சொல்றேன் முதல் நோய்க்கு யாரையும் குத்தம் சொல்லல. ஆனா நோய்ல போனவங்களை விட்டுடுங்க, பொழைச்சவங்க கதை என்னாச்சு? கொள்ளைநோய்க்கு அப்புறம் காலப்போக்குல ஜனம் திரும்ப பெருகும், ஐரோப்பால பிளேக்குக்கு அப்புறம் பெருகலையா? இங்க பெருக விடல, அதான் மேட்டர். 1630ல இருந்து 1640க்குள்ள மட்டும் சுமார் 20,000 பேர் இங்கிலாந்துல இருந்து வந்து இறங்கினாங்க, குடும்பம் குட்டியோட. 1633ல பெரியம்மை வேற. மாசசூசெட்ஸ் கவர்னர் ஜான் வின்த்ராப் அடுத்த வருஷம் இங்கிலாந்துக்கு எழுதின லெட்டர்ல, பூர்வகுடிகள் பெரியம்மைல கிட்டத்தட்ட எல்லாரும் செத்தாச்சு, நாம வச்சிருக்கிற இடத்துக்கு ஆண்டவனே வில்லங்கம் இல்லாம பண்ணிட்டார்ங்கற மாதிரி எழுதறார். கிருமி தெரியாதுதான், சந்தோஷம் தெரியுதே.

வரப்புத்தகராறு:
ரெண்டாவது கேள்விக்கு நான் வரேன், நிலம்னாலே நமக்கு கை அரிக்கும் (ஊர்ல ரெண்டு சிவில் கேஸ் நடக்குது, கேக்காதீங்க).

பத்திரம் எழுதி வாங்கினது உண்மைதான், இன்னிக்கும் அந்த பத்திரங்கள்ல நிறைய இருக்கு, தலைவர்கள் கைநாட்டுக்கு பதிலா ஒரு வில்லு படமோ ஏதோ குறியோ போட்டிருப்பாங்க. பிரச்சனை என்னன்னா வித்தவன் நினைச்சது ஒண்ணு வாங்கினவன் நினைச்சது வேற. வாம்பனோக் ஆளுங்க ஒரே இடத்துல வேலி போட்டு உக்காரறவங்க கிடையாது, கோடைல கடலோரம் சோளமும் பீன்ஸும் பூசணியும் ஒண்ணா நட்டு மட்டி (சேத்துல கிடைக்கிற சிப்பி), மீனுன்னு புடிச்சு சாப்பிடுவாங்க, குளிர் வந்தா உள்பக்கம் காட்டுக்கு நகர்ந்து வேட்டை. நிலத்தை குடுக்கறதுன்னா நீயும் இங்க பொழைச்சுக்கோன்னு அர்த்தம், நான் இனிமே மட்டி பொறுக்க வரக்கூடாதுன்னு இல்ல. இங்கிலீஷ்காரனுக்கு கிரயம்னா கிரயம், அடுத்த நாளே நீ அத்துமீறி நுழையற ஆளு. உழாத நிலம் வேற வந்துச்சுன்னா அது யாருக்கும் சொந்தமில்லன்னு ஒரு சட்ட வாதம் வச்சிருந்தாங்க, நம்ம பாஷைல சொன்னா வேட்டைக்காட்டையெல்லாம் புறம்போக்குல சேர்த்துட்டாங்க.

இப்போ முக்கியமான வில்லன்: பன்னி. சிரிக்காதீங்க, சீரியஸாதான் சொல்றேன். அந்த ஊர்ல பூர்வகுடிகள் வளர்த்த ஒரே பிராணி நாய், ஆடு மாடு பன்னி குதிரை எதுவும் கிடையாது, அதனால வயலுக்கு வேலிங்கற வழக்கமே இல்ல. இங்கிலீஷ்காரன் பன்னியை காட்டுல அவுத்து விட்டுடுவான், அது தானா மேஞ்சு பெருகும், வேணும்போது சுட்டுக்குவான். அது நேரா இவங்க சோளக்கொல்லைல பூந்து அழிக்கும், மண்ணுக்குள்ள பதுக்கின தானியத்தை மூக்கால தோண்டும், எல்லாத்துக்கும் மேல தண்ணி வத்தினப்போ கடலோர சேத்துல இறங்கி மட்டியை கிளறி தின்னும். மட்டிதான் பஞ்சகாலத்துல அவங்களுக்கு கடைசி சாப்பாடு. பக்கத்து இங்கிலீஷ் காலனியான ரோட் ஐலண்ட்ல இருந்த ரோஜர் வில்லியம்ஸ், பூர்வகுடிகள் மேல கொஞ்சம் மரியாதை வச்சிருந்த ஆளு, இங்கிலீஷ் மாடுகன்னு எல்லாத்துலயும் இவங்களுக்கு பன்னியைத்தான் அறவே புடிக்காதுன்னு எழுதறார்.

சரி பன்னியை அடிச்சு சாப்பிட்டுடலாம்ல? அடிச்சா கோர்ட்டு, அபராதம். கோர்ட்டு யாருது? அவங்களோடது. உன் வயலுக்கு நீ வேலி போடலைன்னு தீர்ப்பு வரும். சில சமயம் நஷ்டஈடு குடுத்தாங்க, இல்லன்னு சொல்லல, ஆனா புடிச்ச மாட்டை பட்டில அடைக்க இங்கிலீஷ் ஊருக்கே ஓட்டிட்டு போகணும், சாட்சி வேணும், எதிர்க்கட்சிக்காரன் ஊர்ல போய் எவன் சாட்சி சொல்லுவான்? அபராதம் கட்ட காசு இல்லையா, நிலத்தை எழுதி குடு. பீவர்ங்கற பிராணியோட தோல் இருந்த வரைக்கும் கையில சரக்கு இருந்துச்சு, ஆனா ஒரு தலைமுறைக்குள்ள பீவரை வேட்டையாடி தீர்த்தாச்சு, அப்புறம் துணி இரும்பு துப்பாக்கின்னு வாங்கின கடனுக்கு இவங்ககிட்ட மிச்சம் இருந்த ஒரே சரக்கு நிலம்தான். நம்ம ஊர்ல மளிகைக்கடை நோட்டுல கடன் ஏறி ஏறி கடைசில தோட்டம் போகும்ல, அதேதான்.

இதுல ஒரு வயித்தெரிச்சல் என்னன்னா, சரி நாமளும் மாறிப்போம்னு மாசசோயிட்டோட மகன் மெட்டகாமெட், இங்கிலீஷ்காரங்க ஃபிலிப்னு கூப்பிடுவாங்க, அவரே பன்னி வளர்க்க ஆரம்பிச்சார். 1669ல ரோட் ஐலண்ட் போர்ட்ஸ்மவுத் ஊர் கூட்டம் போட்டு, உன் பன்னியை எங்க தீவுல இருந்து எடுன்னு உத்தரவு போட்டாங்க. அந்த தீவு பேரு ஹாக் ஐலண்ட், பன்னித்தீவு! அவங்க பன்னி எல்லா இடத்துலயும் மேயலாம், இவர் பன்னி மேயக்கூடாது.

நைட்ஷிஃப்ட்_மாமா:
யோவ் பன்னி மேட்டர் நான் எதிர்பார்க்கவே இல்ல 😳 சூப்பர்ணா. ஆனா ஒண்ணு புரியல. ஆரம்பத்துல வெள்ளைக்காரங்க கொஞ்ச பேர்தானே, எல்லா கூட்டமும் ஒண்ணு சேர்ந்து அப்பவே விரட்டியிருக்கலாமே?

கருவாட்டுக்குழம்பு:
தம்பி, அந்த கேள்வியை 1642லயே ஒருத்தர் கேட்டார். ஆனா அதுக்கு முன்னாடி பெக்வாட் கதை தெரியணும்.

கனெக்டிகட் பக்கம் பெக்வாட்னு ஒரு கூட்டம், தோல் வியாபாரத்துல பெரிய கை, டச்சுக்காரன்கூடயும் தொடர்பு. வியாபாரிங்க ரெண்டு பேர் கொலைன்னு ஆரம்பிச்ச தகராறு 1636ல போராச்சு. 1637 மே 26 விடியக்காலைல ஜான் மேசன், ஜான் அண்டர்ஹில்னு ரெண்டு கேப்டன்கள் மிஸ்டிக் ஆத்தங்கரைல வேலி கட்டியிருந்த பெக்வாட் ஊரை சுத்தி வளைச்சு தீ வச்சாங்க, வெளிய ஓடி வந்தவங்களை சுட்டும் வெட்டியும் சாய்ச்சாங்க. பொம்பளை, குழந்தை, கிழவன் கிழவின்னு 400ல இருந்து 700 பேர் வரைக்கும்னு வெவ்வேற கணக்கு. ஒரு மணி நேரம் கூட ஆகல. இதுல முக்கியம், இங்கிலீஷ்காரன் கூட சேர்ந்து வந்தவங்க நாராகன்செட்டும் மொஹிகனும், அதாவது பெக்வாட்டோட பழைய பகையாளிங்க. பார்த்துட்டு நாராகன்செட் ஆளுங்களே மிரண்டு போய், உங்க சண்டை ரொம்ப மூர்க்கமா இருக்கு, நிறைய பேரை கொல்லுதுன்னு சொன்னாங்கன்னு அந்த அண்டர்ஹில்லே எழுதி வச்சிருக்கான். அவங்க ஊர் சண்டைன்னா சில பேர் சாவாங்க, கைதி புடிப்பாங்க, அவ்ளோதான். ஊரோட எரிக்கிற பழக்கம் இல்ல.

அடுத்த வருஷம் ஹார்ட்ஃபோர்ட்ல ஒரு ஒப்பந்தம், இனி பெக்வாட்ங்கற பேரையே யாரும் சொல்லக்கூடாதுன்னு ஷரத்து. மிச்சம் இருந்தவங்களை பங்கு போட்டு குடுத்துட்டாங்க, சில பேரை டிசையர்னு ஒரு கப்பல்ல ஏத்தி கரீபியன் பக்கம் பிராவிடன்ஸ் தீவுக்கு அடிமையா அனுப்பினாங்க. 1638ல அதே கப்பல் திரும்ப பாஸ்டன் வந்தப்போ பருத்தி, புகையிலை, கூடவே ஆப்பிரிக்க அடிமைகள். போகும்போது ஒரு சரக்கு வரும்போது ஒரு சரக்கு. அமெரிக்க அடிமை முறைன்னா தெற்கு மாகாண பருத்திக்காடுதான் ஞாபகம் வரும், வடக்குல பாஸ்டன்ல ஆரம்பமே இப்படி.

இப்போ உன் கேள்வி. நாராகன்செட் தலைவர் மியான்டோனமி, பெக்வாட் போர்ல இங்கிலீஷ்காரன் பக்கம் நின்னவர்தான், 1642ல லாங் ஐலண்டுக்கு போய் அங்க இருந்த கூட்டங்கள்கிட்ட பேசறார், இங்கிலீஷ்காரங்க எப்படி ஒண்ணா இருக்காங்களோ அப்படி நாமளும் ஒண்ணாகணும், நம்ம அப்பங்காலத்துல மான் இருந்துச்சு, மீன் இருந்துச்சு, இவங்க புல்லை அறுத்துட்டாங்க, மரத்தை சாய்ச்சுட்டாங்க, இவங்க மாடு புல்லை தின்னுது, பன்னி மட்டியை கெடுக்குது, நாம எல்லாம் பட்டினி கிடந்து சாவப்போறோம்னு. (பாருங்க திரும்ப பன்னி, வரப்புத்தகராறு அண்ணன் சொன்னது சரியா வருதா.) அடுத்த வருஷம் மொஹிகன் தலைவர் அன்காஸ் கையில மாட்டினார், அன்காஸ் இவரை இங்கிலீஷ்காரங்ககிட்ட ஒப்படைச்சார், அவங்க யோசிச்சு, நாங்க கொல்ல மாட்டோம் நீயே கூட்டிட்டு போய் முடிச்சுடுன்னு திருப்பி குடுத்தாங்க. முடிச்சுட்டாங்க. ஒண்ணு சேர விடாம பார்த்துக்கிறதும் ஒரு வேலை, அதை நல்லா செஞ்சாங்க.

பழையபேப்பர்:
மேல வந்ததோட முடிவுதான் நீங்க சொன்ன கம்பத்து தலை. மாசசோயிட் இருந்த வரைக்கும் ஒப்பந்தம் ஓடுச்சு. அவர் போனதும் பெரிய மகன் வாம்சுட்டா, 1662ல அவரை பிளிமத் ஆளுங்க துப்பாக்கி முனைல விசாரணைக்கு இழுத்துட்டு போனாங்க, போன இடத்துல உடம்பு சரியில்லாம ஆகி செத்துட்டார், விஷம் வச்சுட்டாங்கன்னு தம்பி ஃபிலிப் கடைசி வரைக்கும் நம்பினார். 1671ல ஃபிலிப்பை கூப்பிட்டு துப்பாக்கியெல்லாம் ஒப்படைன்னு கையெழுத்து வாங்கினாங்க.

1675 ஜூன்ல போர் வெடிக்கிறதுக்கு கொஞ்ச நாள் முன்னாடி ரோட் ஐலண்ட் துணை கவர்னர் ஜான் ஈஸ்டன் சமாதானம் பேச போறார், ஃபிலிப் தரப்பு சொன்ன குறையையெல்லாம் எழுதி வச்சிருக்கார், எனக்கு இந்த மொத்த வரலாத்துலயும் மனசுல நிக்கறது அந்த பட்டியல்தான். எங்க ஆளுங்க இருபது பேர் நேர்மையா சாட்சி சொன்னா எடுபடாது, எங்கள்ல ஒரு கெட்டவன் உங்களுக்கு சாதகமா சொன்னா அது போதும். தலைவனுக்கு சாராயம் ஊத்தி பத்திரத்துல குறி வாங்கறீங்க. நாங்க உங்க எல்லையில இருந்து 30 மைல் தள்ளி போனாலும் உங்க மாடு வந்து எங்க சோளத்தை மேயுது. நீங்க முதல்ல வந்தப்போ எங்க அப்பா பெரிய ஆள், நீங்க சின்ன குழந்தை மாதிரி, அப்போ உங்களை யாரும் கஷ்டப்படுத்தாம பார்த்துக்கிட்டார், இப்போ நீங்க பெரிய ஆளு. இதுதான் சாரம்.

போர் 14 மாசம் பயங்கரமா நடந்துச்சு. இங்கிலீஷ் ஊர்கள்ல பாதிக்கு மேல தாக்கப்பட்டுச்சு, பத்து பன்னெண்டு ஊர் அடியோட போச்சு, ரெண்டு பக்கமும் சாவு, ஆள்தொகைக்கு விகிதம் போட்டா அமெரிக்க மண்ணுல நடந்த மோசமான போர்கள்ல இது ஒண்ணு. 1675 டிசம்பர்ல, அதுவரைக்கும் பெரும்பாலும் ஒதுங்கி இருந்த நாராகன்செட் மக்களோட சதுப்புநில கோட்டையை எரிச்சாங்க, திரும்ப மிஸ்டிக் கதைதான்.

கிறிஸ்தவங்களா மாறி, முடி வெட்டி, இங்கிலீஷ் சட்டை போட்டு, ஜான் எலியட் பாதிரியார் அவங்க மொழில 1663ல அச்சடிச்ச பைபிளை படிச்சுக்கிட்டு நேட்டிக் மாதிரி ஊர்கள்ல இருந்தவங்க தப்பிச்சாங்களான்னா, இல்ல. அவங்களையும் நம்ப முடியாதுன்னு அந்த குளிர்ல பாஸ்டன் துறைமுகத்துல டியர் ஐலண்ட்னு ஒரு மொட்டைத்தீவுல கொண்டு போய் விட்டாங்க, விறகும் சோறும் இல்லாம நிறைய பேர் அங்கயே செத்தாங்க. சொன்னதையெல்லாம் கேட்டு மாறினவங்களுக்கே இந்த கதி.

1676 ஆகஸ்ட் 12ல ஃபிலிப்பை சுட்டாங்க, சுட்டவரும் இங்கிலீஷ் படையில இருந்த ஒரு பூர்வகுடி ஆளுதான். தலை பிளிமத்ல இருபது வருஷத்துக்கு மேல கம்பத்துல இருந்துச்சு. அவர் மனைவி, ஒன்பது வயசு பையன் ரெண்டு பேரும் கைதி, பையனை கொல்லலாமா வேணாமான்னு பாதிரியார்கள் பைபிளை புரட்டி வாதம் பண்ணி, கடைசில அடிமையா வித்தாங்க. இந்த பையன் மாசசோயிட்டோட பேரன்.

எக்மோர்_டு_பீச்:
சம்பந்தம் இருக்கா இல்லையா தெரியல, ஒரு சின்ன சைடு மேட்டர். நம்ம செயின்ட் ஜார்ஜ் கோட்டைல 1687ல இருந்து 1692 வரைக்கும் கவர்னரா இருந்த எலிஹு யேல் பொறந்தது 1649ல பாஸ்டன்ல. சின்ன பிள்ளையிலயே குடும்பம் இங்கிலாந்து திரும்பிடுச்சு. மெட்ராஸ்ல சம்பாரிச்ச சொத்துல இருந்து புத்தகம், துணின்னு கனெக்டிகட்ல ஒரு காலேஜுக்கு அனுப்பினார், 1718ல அது யேல் காலேஜ் ஆச்சு. பெக்வாட்டை எரிச்ச அதே கனெக்டிகட்.

ஒரே காலம் ஒரே நாட்டுக்காரன், ஆனா ரெண்டு இடத்துலயும் வேலை வேற. இங்க 1639ல நாயக்கர்கிட்ட அனுமதி வாங்கி கோட்டை கட்டினவனுக்கு துணி நெய்ய நெசவாளி வேணும், ஊர்க்காரனை விரட்டிட்டா வியாபாரம் படுத்துடும். அங்க வந்தவனுக்கு வேண்டியது வயக்காடு, அதுல ஏற்கனவே ஆள் இருக்கிறதுதான் அவனுக்கு தொந்தரவு. இங்க வந்தவன் நல்லவன்னு சொல்ல வரல, யேலே ஊழல் புகார்லதான் பதவி போனவர்.

சும்மா_சொல்றேன்:
பன்னி, கோர்ட்டு, கடன் எல்லாம் ஓகே ஒத்துக்கிறேன், ஆனா நோய் இல்லாம இருந்திருந்தா இதெதுவும் நடந்திருக்காதுல்ல? நான் சொல்றது அதான்.

வரப்புத்தகராறு:
@சும்மா_சொல்றேன் நாராகன்செட்டுக்கு அந்த முதல் நோய் வரவே இல்லைன்னு பேப்பர் அண்ணன் மேலயே சொல்லிட்டாரே, அவங்க நிலம் என்னாச்சு? லேட் ஆகியிருக்கும், அவ்ளோதான் சொல்ல முடியும்.

நைட்ஷிஃப்ட்_மாமா:
எல்லாருக்கும் நன்றி. கடைசியா ஒண்ணு, இப்போ அவங்கள்ல யாராவது இருக்காங்களா, இல்ல மொத்தமா முடிஞ்சுதா?

கருவாட்டுக்குழம்பு:
இருக்காங்க தம்பி. முடிஞ்சுதுன்னு சொல்றதே அவங்களுக்கு இன்னொரு அடி, ஏன்னா கோர்ட்ல அதை வச்சேதான் தோக்கடிச்சாங்க. கேப் காட்ல மாஷ்பீ வாம்பனோக் மக்கள் 1970கள்ல நிலத்தை கேட்டு கேஸ் போட்டாங்க, நீங்க பழங்குடி கூட்டமாவே தொடர்ந்து இல்லன்னு 1978ல ஜூரி சொல்லிடுச்சு. 2007லதான் மத்திய அரசு அங்கீகாரம், 2015ல கொஞ்சம் நிலத்தை அவங்க பேர்ல பாதுகாப்புல எடுத்துச்சு, அதுக்கும் டிரம்ப் காலத்துல ஆபத்து வந்து திரும்ப கோர்ட்டு. 1621ல சோளம் நட கத்துக்குடுத்த கூட்டம் 400 வருஷம் கழிச்சு கொஞ்ச ஏக்கருக்கு வக்கீல் வச்சு அலைஞ்சுது.

பேரே சொல்லக்கூடாதுன்னு சொன்ன பெக்வாட்டுக்கு 1983ல அங்கீகாரம், இப்போ கனெக்டிகட்ல ஃபாக்ஸ்வுட்ஸ்னு பெரிய கேசினோ நடத்தறாங்க. வாம்பனோக் மொழி பேசறவங்க நூறு வருஷத்துக்கு மேல இல்லாம போயிருந்துச்சு, ஜெஸ்ஸி லிட்டில் டோ பெயர்ட்னு ஒரு அம்மா 1990கள்ல ஆரம்பிச்சு, அந்த எலியட் பைபிள், பழைய நிலப்பத்திரம், அவங்க ஆளுங்களே அந்த மொழில எழுதின லெட்டருன்னு தேடித்தேடி இலக்கணம் புடிச்சு மீட்டாங்க, அவங்க மகள் அதை தாய்மொழியா பேசி வளர்ந்தது. நிலத்தை புடுங்கின பத்திரத்துல இருந்தே மொழியை எடுத்திருக்காங்க, எமகாதகி.

அப்புறம் உங்க டீம் லீவு போடுற அதே வியாழக்கிழமை, பிளிமத்ல கோல்ஸ் ஹில்னு ஒரு மேட்டுல பூர்வகுடிகள் கூடி தேசிய துக்கநாள்னு 1970ல இருந்து வருஷா வருஷம் அனுசரிக்கிறாங்க. மேஃபிளவர் வந்து 350 வருஷம்னு விழா எடுத்தப்போ வாம்சுட்டா ஃபிராங்க் ஜேம்ஸ்னு ஒரு வாம்பனோக் ஆளை பேச கூப்பிட்டாங்க, பேச்சை முன்கூட்டியே வாங்கி பார்த்தா அதுல சமாதி தோண்டினது, சோளம் திருடினதுன்னு எல்லாம் இருக்கு, மாத்தி எழுதி குடுங்கன்னாங்க. அவர் முடியாதுன்னுட்டு வெளியில வந்து தனியா கூட்டம் போட்டார். அதுதான் இன்னும் நடக்குது.